பத்து நிமிஷம் தண்ணி குடிக்கக் கூடாது

எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த மறுவாரமே நாங்கள் மூன்று பேரும் நெடுந்தூர சைக்கிள் வீரர்கள் ஆகிவிட்டோம். சைக்கிள் ஓட்டி ஆகவில்லை, தினேஷின் அண்ணன் போனில் வீடியோ பார்த்து ஆனோம். பனி மூடிய மலைகளுக்கு நடுவே யார் யாரோ இறுக்கமான உடையில் குனிந்துகொண்டு பறந்தார்கள். எங்களுக்கும் ஒரு மலை இருந்தது. அதில் பனி இல்லை, முருகர் இருந்தார். அது போதும் என்று நினைத்தோம்.

என்னுடையது அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த நீல நிற சைக்கிள். முன்னால் கூடை இருந்தது. வீரர்கள் கூடை வைத்துக்கொள்வதில்லை என்று தினேஷ் சொன்னான். நானும் ஒரு ஸ்பேனரை இரவல் வாங்கி அதைக் கழற்றிவிட்டேன். அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை, அங்கிருந்து ஆர்.கே.பேட்டை, அங்கிருந்து வீடு என்பது திட்டம். மேப்பில் அழகான முக்கோணமாக வந்தது. அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைந்தாலும் அந்தக் கொஞ்சத்தைக் கடைசியில் மலையைச் சுற்றி வந்து சரிக்கட்டிவிடலாம் என்று ஜெகன் சொன்னான். அறுபது என்பது எங்களுக்கு அவ்வளவு முக்கியம். காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டியவர்கள் ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். ஜெகனை அவன் அம்மா மாவு அரைக்க அனுப்பிவிட்டதுதான் காரணம். நான் வீட்டில் தினேஷ் வீட்டுக்குப் போவதாகச் சொன்னேன். தாத்தா மட்டும் அவருடைய துண்டு எங்கே என்று கேட்டுத் திட்டிக்கொண்டிருந்தார். அது என் கழுத்தில் இருந்தது. அவர் கண்ணாடி போட்டிருக்கவில்லை.

அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. ஊரைத் தாண்டியதும் தார் உருகி டயரில் ஒட்டியது. மாந்தோப்புகள் வந்தபோது நிழலும் வந்தது, போனபோது அதுவும் போனது. எதிர்க்காற்று அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. இரண்டு பாட்டில் தண்ணீரும் பாதி வழியிலேயே தீர்ந்தது. தினேஷ் மட்டும் உற்சாகமாக விதிகள் சொல்லிக்கொண்டே வந்தான். இறங்கிய உடனே உட்காரக் கூடாது, கால் பிடித்துக்கொள்ளும். இறங்கியதும் பத்து நிமிஷம் தண்ணீர் குடிக்கக் கூடாது, நெஞ்சு அடைத்துக்கொள்ளும். வெயிலிலிருந்து சட்டென்று நிழலுக்குள் போகக் கூடாது, உடம்பு ஆற வேண்டும். எல்லாம் வீடியோவில் வந்தது என்றான். நானும் ஜெகனும் மந்திரம் போல அதை மனப்பாடம் செய்துகொண்டோம்.

பொதட்டூர்பேட்டை எல்லையில் ஜெகனின் பின் டயர் காற்றிறங்கியது. தள்ளிக்கொண்டு போனோம். பஞ்சர் கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். ஜெகனின் முகம் வேறு ஒரு மாதிரி வெளுத்திருந்தது. அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்.

"எங்க அத்த வீடு இங்கதான்டா கீது."

சொல்லியிருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அத்தை பேச்சே எடுக்கக் கூடாது. அவள் என் அப்பாவுக்கு அக்கா, தாத்தாவுக்கு ஒரே பெண். என் அக்காவின் மஞ்சள் நீராட்டுக்கு அச்சடித்த பத்திரிகையில் மாமாவின் பெயர் விட்டுப்போயிருந்தது. அச்சகத்தில் விட்டார்களா, வீட்டில் எழுதும்போதே விட்டார்களா என்பது இன்று வரை தீராத வழக்கு. அத்தை நேரில் வந்து கேட்டாள். "பேர் போட்டாத்தான் வருவியா?" என்றார் தாத்தா. "நீ செத்தா வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதோடு நான்கு வருஷம். இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர் தூரத்தில் இரண்டு பேரும் தீபாவளி, பொங்கல், ஆடிக் கிருத்திகை எல்லாம் தனித்தனியாகக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். ஆடிக் கிருத்திகைக்கு அத்தை மலைக்கு வந்து கும்பிட்டுவிட்டு எங்கள் தெருப் பக்கம் திரும்பாமலே போனாள் என்று பார்த்தவர்கள் வந்து சொல்வார்கள். தாத்தா காது கேட்காதவர் மாதிரி இருப்பார்.

அத்தை தெரு முழுக்கப் பவர்லூம் சத்தம். ஒவ்வொரு வீட்டிலும் தறி ஓடியது. பேச வேண்டுமானால் காதருகே போய்க் கத்த வேண்டும். அத்தை வாசலுக்கு வந்து என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். உள்ளே ஓடிப்போய் ஒரு சொம்பு தண்ணீரோடு வந்தாள்.

"உள்ள வாடா. இன்னா இப்டி நிக்கிற?"

"இல்லத்த, இங்கயே நிக்கிறோம்" என்றேன். உடம்பு ஆற வேண்டும்.

"ஒக்காரு. தண்ணியாவது குடி."

"வேணாம்த்த."

எங்கள் பக்கத்தில் சாவு சொல்ல வருகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. வாசல்படி தாண்ட மாட்டார்கள், உட்கார மாட்டார்கள், கொடுக்கிற தண்ணீரைத் தொட மாட்டார்கள். எல்லார் கையிலும் போன் இருக்கிற இந்தக் காலத்திலும் பேச்சு நின்றுபோன உறவுக்கு ஆளைத்தான் அனுப்புவார்கள். இது எதுவும் எனக்கு அன்று தெரியாது. தாத்தாவின் துண்டு என் கழுத்தில் தொங்க, மூன்று பேரும் வெயிலில் வரிசையாக முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினோம்.

"யாருக்கு இன்னாடா ஆச்சு?" அத்தையின் குரல் மாறியிருந்தது.

எனக்கு மூச்சே வரவில்லை. தினேஷ்தான் பொறுப்பாகப் பதில் சொன்னான்.

"அவனால இப்ப பேச முடியாது அத்த. கொஞ்ச நேரம் குடுங்க."

சொம்பு கீழே விழுந்தது. "நைனா" என்று தன் அப்பாவைக் கூப்பிட்டு ஒரே ஒரு சத்தம் போட்டாள். அது தறிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. உள்ளே மாமா தறியை நிறுத்தினார். பக்கத்து வீட்டுத் தறி நின்றது, எதிர் வீட்டுத் தறி நின்றது. கடைசி வீடு வரை ஒவ்வொன்றாக நின்று, தெருவே ஊமையாகிவிட்டது. அந்தத் தெருவில் காக்கை கத்துவது கேட்டது அன்றுதான்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பதறிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

"அத்த, தாத்தாக்கு ஒண்ணும் இல்லத்த. நல்லாத்தான் கீறாரு. காலைல கூட என்னத் திட்னாரு."

அத்தை சட்டென்று அழுகையை நிறுத்தினாள். என்னையே பார்த்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"காலைல சாப்ட்டாரா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஆங். மூணு இட்லி."

"மூணா? நாலு துன்னுவாரே."

"பல்லு வலிக்குதாம்."

அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்துவிட்டார்கள். அத்தை அவர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு முன்னைவிடப் பெரிதாக அழ ஆரம்பித்தாள். எனக்குத் தலை சுற்றியது. வந்தவர்களில் வயதான ஓர் அம்மாவிடம் போய், "எங்க தாத்தா உசுரோடதான் கீறாருங்க" என்றேன். அந்த அம்மா என் தலையைத் தடவி, "பாவம், புள்ள பயந்து போயி இன்னாவோ பேசுது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தினேஷ் தன் அண்ணன் போனை எடுத்து நீட்டினான். "அத்த, இந்தாங்க, நீங்களே வீட்டுக்குப் பேசிப் பாத்துடுங்க." அத்தை அந்தப் போனைத் தொடவே இல்லை. தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, "வண்டி கொண்டாரச் சொல்லுங்க" என்றாள் மாமாவிடம்.

லோடு வண்டி வந்தது. பின்னால் எங்கள் மூன்று சைக்கிள்களையும் ஏற்றினார்கள். அத்தை, நாலு பெண்கள், நாங்கள் மூவர். மாமா முன்னால் உட்கார்ந்தார். பஸ் ஸ்டாண்டு அருகே வண்டியை நிறுத்தி இறங்கிப் போய் ஒரு பெரிய ரோஜா மாலை வாங்கி வந்தார். ஆர்.கே.பேட்டை போகிற சாலை இடப்பக்கம் பிரிந்து போனதை ஜெகன் எட்டிப் பார்த்தான்.

"அறுபது போச்சுடா" என்றான் என் காதில்.

வழியெல்லாம் அத்தை அழவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற குழந்தை மாதிரி வண்டிக் கம்பியைப் பிடித்தபடி சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். நடுவில் ஒரு முறை குனிந்து, "ரோட்டு பக்கத்து வேப்ப மரத்த வெட்டிட்டாங்களா?" என்று கேட்டாள். இன்னொரு முறை, "உங்க அம்மாக்கு முட்டி வலி தேவலையா?" என்றாள். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, மூன்றாவது தடவையாக, "தாத்தா சாகலத்த" என்றேன். "தெரியும், சும்மா இரு" என்றாள். எங்கள் தெரு முனை திரும்பியதும் மாரில் கை வைத்து, "நைனா, என்ன உட்டுட்டுப் போயிட்டியே" என்று ஆரம்பித்தாள்.

தாத்தா வீட்டு வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கட்டைவிரலால் நுங்கு நோண்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அழுதபடி இறங்கிய பெண்கள் அவரைப் பார்த்ததும் ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டு நின்றார்கள். அத்தை மட்டும் மாலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நேராக அவர் முன்னால் போய் நின்றாள். தாத்தாவின் விரல் நுங்குக்குள்ளேயே இருந்தது. மாலையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"யாருக்கும்மா?" என்றார்.

"உனக்குத்தான் நைனா."

தாத்தா விரலை வெளியே எடுத்து வேட்டியில் துடைத்தார்.

"சரி. உள்ள எடுத்துனு போய் வை. வெயில்ல வாடிப் பூடும்" என்றார். பிறகு தெருவைப் பார்த்து, "மாப்ள இன்னா வண்டிகிட்டயே நிக்கிறாரு? உள்ள வரச் சொல்லு" என்றார்.

அத்தை உள்ளே போனாள். மாமாவும் போனார். அம்மா ஒரு வார்த்தை கேட்காமல் பெரிய குண்டானை இறக்கி உலை வைத்தாள்.

விசாரணை பிறகுதான் நடந்தது. கழனியிலிருந்து வந்த அப்பாவுக்கு யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். தினேஷும் ஜெகனும் எப்போது போனார்கள் என்றே தெரியவில்லை. உயிரோடு இருக்கிற மனுஷனுக்குச் சாவு சொன்னவன் எவன் என்று அப்பா சத்தம் போட்டார்.

"நான் சொல்லலப்பா. உசுரோட கீறாருன்னுதான் சொன்னேன். மூணு வாட்டி சொன்னேன். அத்தைய வேணா கேளு."

எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். அவள் தாத்தா பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர் ஒரு நுங்கை எடுத்து அவளுக்காகச் சீவிக்கொண்டிருந்தார். அத்தை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அவன் வாயே தொறக்கல தம்பி. வாசல்லயே நின்னான். தண்ணிகூட வேணான்ட்டான். நான் வேற இன்னான்னு நெனைப்பேன்?"

கன்னத்தில் ஒன்று விழுந்தது. வலியைவிட ஆச்சரியம்தான் அதிகம். பெரியவர்கள் பொய் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் "தெரியும், சும்மா இரு" என்று சொன்ன அதே வாய், அதே மத்தியானத்தில், எந்த லாபமும் இல்லாமல் இப்படிச் சொல்லும் என்று நினைக்கவில்லை. தாத்தாவாவது கேட்பார் என்று அவரைப் பார்த்தேன். "உட்ரா, புள்ள வெயில்ல சுத்திட்டு வந்துகீறான்" என்று மட்டும் சொன்னார்.

அப்போது அம்மா உள்ளேயிருந்து மாலையோடு வந்தாள். சாவுக்கென்று வாங்கியதைச் சாமி படத்துக்குப் போட முடியாது, மனுஷருக்கும் போட முடியாது, இதை என்ன செய்வது என்று கேட்டாள். தாத்தா யோசித்தார். சுவரில் சாய்த்திருந்த என் சைக்கிளைக் கையால் காட்டினார்.

"அதுக்குப் போடு" என்றார்.

அத்தையே எழுந்து வந்து ஹேண்டில்பாரில் மாலையைச் சுற்றினாள், ஆயுத பூஜைக்குக் கட்டுகிற மாதிரி. கூடை இல்லாத அந்த இடத்தில் ரோஜாக்கள் தொங்கின. நான் பிடித்து இழுக்கப் போனேன். அவள் என் கையை விலக்கிவிட்டு இன்னொரு முடிச்சுப் போட்டாள். சாவு மாலை கட்டிய சைக்கிளோடு நாளைக்குத் தினேஷ் முன்னால் எப்படிப் போய் நிற்பது, இந்த இரண்டு பேருக்கும் என் மேல் அப்படி என்ன கோபம் என்று எதுவும் விளங்காமல் நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். தாத்தாவும் அத்தையும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நுங்கு சாப்பிட்டார்கள்.