பச்சையனும் கறுப்பனும்

அன்று புதுமீன் அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: முதலாளி, திருகோணமலை லொறிக்கார இஸ்மாயில் நானா, நான். மேரி அக்கா இல்லை. மகளை மாத்தளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருந்தார்.

கிழக்குக் கடலில் பிடிக்கும் அலங்கார மீன்கள் கொழும்புக்குப் போகிற வழியில் மாத்தளைப் பக்கம் நாலந்தாவில் எங்களிடம் இறங்கி, தண்ணீர் மாற்றிக்கொண்டு போகும். பின்னறையில் மேரி அக்கா ஒரு நெமோ மீன் ஜோடி வளர்த்தார். அங்கேயே குஞ்சு பொரிக்க வைக்கலாம் என்பது அவருடைய யோசனை. முட்டை இரண்டு தடவை கெட்டுப்போயிற்று.

"இந்தத் தடவை பொரிச்சா பிரீடிங் செய்வோம் மேரி. இல்லாட்டி தொட்டியெல்லாம் வித்திருவேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அந்த வேலை போனால் அக்காவுக்கு ஓமானில் வீட்டு வேலைதான். ஏஜென்சிக்காரர் ஏற்கனவே அக்கா இருந்த தோட்ட லயத்துப் பக்கம் வந்து போய்க்கொண்டிருந்தார். தொட்டிக்குள் வைத்த ஓட்டில் ஒட்டியிருந்த முட்டைகளில் அந்த வாரம் குஞ்சின் கண் தெரிய ஆரம்பித்தது.

இஸ்மாயில் நானா கடைசிப் பையை நீட்டினார். உள்ளே நொறுங்கு நட்சத்திர மீன் ஒன்று, பாம்பு வால் மாதிரி ஐந்து கைகளும் நெளிந்தன. அதில் கறுப்பன், பச்சையன் என்று இரண்டு வகை உண்டு.

"கறுப்பனா நானா?"

"கறுப்பன்தான் தம்பி. டைவர்மார் அப்பிடித்தான் சொன்னாங்க."

முதலாளி பையைத் தூக்கிப் பார்த்தார். "கறுப்பேதான். நெமோ தொட்டியில போடு, மிச்சம் மீதியெல்லாம் கூட்டிப் பெருக்கட்டும். சம்பளம் கேக்காத ஆளு."

நானும் பார்த்தேன். கறுப்பாகத்தான் இருந்தது. பின்னறை லைட்டைப் போடாமலே நெமோ தொட்டியில் விட்டேன்.

புது மீன் மிரளாமல் இருக்க அந்த அறையில் சிவப்பு பல்பு மட்டும்தான் எரியும். அந்த வெளிச்சத்தில் பச்சையும் கறுப்பாகத்தான் தெரியும். கறுப்பன் எச்சில் பொறுக்கித் தின்னும். பச்சையன் அப்படியில்லை. கைகளை ஊன்றி உடம்பைக் கூடாரம் போலத் தூக்கி நிற்கும். கீழே மீன் வந்தால் சுருட்டிப் பிடித்துத் தின்றுவிடும்.

காலையில் மேரி அக்கா பின்னறையில் வெள்ளை லைட்டைப் போட்டார். முட்டை இருந்த ஓட்டின் மேல் அது பச்சைப் பசேலென்று உட்கார்ந்திருந்தது. பெண் மீன் மூலையில் ஒதுங்கி நின்றது. ஆணைக் காணோம். முட்டைக்கு விசிறிக் காவல் இருப்பது ஆண்தான்.

"ஓடியிருக்கலாமேடா, ஏன் ஓடல?" அக்கா தொட்டியைப் பார்த்துத்தான் கேட்டார்.

"எங்க கண்ணுக்குக் கறுப்பாத்தான் தெரிஞ்சதுக்கா."

"தெரியும் தம்பி. நான் நின்னிருந்தாலும் கறுப்புன்னுதான் சொல்லியிருப்பேன்."

மிஞ்சிய முட்டைகளுக்குக் காற்றுக் குழாய் வைத்துப் பார்த்தோம். மறுநாளே அவை வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்துக் கெட்டுவிட்டன.

எங்கள் வீட்டில் உயர்தரம், ஏ.எல். வரை படித்தவன் நான் ஒருவன்தான். நட்சத்திர மீனைப் படம் வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன். கறுப்பனையும் பச்சையனையும் பிரித்துப் பார்ப்பது எப்படி என்று எந்தப் பாடத்திலும் இல்லை. பிறகு தேடிப் படித்ததைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். நிறத்தை நம்பாதீர்கள், கையிலுள்ள முள்ளைப் பாருங்கள். கறுப்பனுக்கு முள் நீளம், போத்தல் கழுவும் பிரஷ் மாதிரி விரிந்து நிற்கும். பச்சையனுக்கு முள் குட்டை, கையை ஒட்டியே இருக்கும். எந்த வெளிச்சத்திலும் இது மாறாது.

தொட்டிகளை யட்டவத்தை ஊர்க்காரர் ஒருவர் வந்து ஏற்றிப்போனார். செத்த மீனுக்கு முதலாளி போட்ட நஷ்டம் ஆறாயிரம் ரூபாய். மேரி அக்கா ஓமானுக்குக் கையெழுத்து வைத்தது இரண்டு வருடத்துக்கு.