குழியருகில் சொல்லாமல் விட்ட வார்த்தை

கர்த்தருக்குள் அன்பானவர்களே, நீங்கள் கேட்கும் சாட்சிகளில் சாகக் கிடந்தவர்கள் எழுந்து நடப்பார்கள். என் சாட்சியில் அப்படி யாரும் எழுந்து நடக்கவில்லை. ஆனாலும் ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார்.

ஐம்பதுகளில் மழை பொய்த்துப்போன வருஷம் அது. குஜிலியம்பாறைப் பக்கம் எங்கள் ஊரில் கிணறெல்லாம் வற்றிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர் யாக்கோபு, "நீ கோயிலுக்குப் போ எஸ்தரு. மாடு தவிச்சுச் சாகுது. செத்த நேரம் தூர் அள்ளிட்டு வாரேன்" என்று சொல்லிக் கிணற்றில் இறங்கினார். கரை சரிந்து விழுந்தது. பிணமாகத்தான் தூக்கினோம்.

அடக்கத்துக்கு எங்கள் போதகர் திண்டுக்கல்லிலிருந்து வந்தார். லுத்தரன் பிள்ளைகளுக்குத் தெரியும், நியாயப்பிரமாணம் பாவத்தைக் காட்டும், சுவிசேஷம் மன்னிப்பைக் கொடுக்கும், பிரசங்கத்தில் இரண்டும் வேண்டும். எங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஆனால் அன்று குழியருகில் நின்று, "ஞாயிற்றுக்கிழமை வேலை செய்து ஓய்வுநாளை மீறினவனுக்குக் கர்த்தர் கொடுத்த தண்டனை இது" என்றார். அதோடு புத்தகத்தை மூடிவிட்டார். நெஞ்சு உடைந்து நின்றவளுக்கு நியாயப்பிரமாணம் எதற்கு? வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது.

"ஐயா, அவருக்கும் மன்னிப்பு உண்டுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா" என்று கும்பிட்டேன்.

"அத நான் எப்படிம்மா சொல்லமுடியும்?" என்று வண்டி ஏறிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஜெபம். "ஆண்டவரே, என் வீட்டுக்காரரை மன்னித்தீரா? ஒரு வார்த்தை அனுப்பும்." வருஷங்கள் போயின, பதிலே இல்லை. கோயிலுக்குப் போவேன், போதகர் முகத்தைப் பார்க்கமாட்டேன். அவ்வளவு கசந்துபோயிருந்தேன்.

அறுபதுகளில் அவர் ஓய்வுபெற்றுத் திண்டுக்கல்லில் படுக்கையில் விழுந்தார். சபையார் முறைவைத்துப் பார்க்கப் போனார்கள். என் முறையும் வந்தது. குழியருகில் அவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் நெடுக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

எலும்பும் தோலுமாகக் கிடந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்புட்டுப் பேருக்குப் பிரசங்கம் பண்ணேன். எனக்கு மன்னிப்பு உண்டாம்மா? பயமா இருக்கு."

நான் கொண்டுபோன வார்த்தை நாக்கு நுனியில்தான் இருந்தது. வாய் திறந்தால் வேறு வந்தது. "உண்டுங்கய்யா. நீங்க செஞ்சதுக்காக இல்ல, இயேசு செஞ்சதுக்காக. உங்க பாவமெல்லாம் மன்னிச்சாச்சு."

அவர் அழுதார். நானும் அழுதேன், யாக்கோபை நினைத்து. இந்த மனுஷருக்கு மன்னிப்பு உண்டென்றால் ஓய்வுநாளில் கிணற்றில் இறங்கினவருக்கும் உண்டே! இத்தனை வருஷம் நான் கேட்டுக் கிடந்த வார்த்தையை ஆண்டவர் என் வாயாலேயே எனக்குச் சொன்னார்.

கிளம்பும்போது, "நான் யாக்கோபு சம்சாரங்கய்யா" என்றேன்.

"எந்த யாக்கோபு?" என்று கேட்டார்.

கசப்பு அடியோடு போய்விட்டதென்று பொய்ச்சாட்சி சொல்லமாட்டேன். ஆனால் இப்போது கோயிலில் பாவமன்னிப்பு கூறும்போது தலை நிமிர்ந்து கேட்கிறேன். உங்களில் யாருக்காவது நியாயப்பிரமாணம் மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால், சுவிசேஷத்தையும் ஆண்டவரிடம் கேளுங்கள். கிடைக்கும்வரை விடாதீர்கள். சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் அதைச் சொல்லாமல் திரும்பாதீர்கள்.

போதகருக்கு என் யாக்கோபு நினைவில்லை. ஆண்டவருக்கு நினைவிருந்தது. அவருக்கே ஸ்தோத்திரம்.