தண்ணீர் குடித்த கார்

வில்லியனூரில் தேர் வரும் நாளில், மெக்கானிக் ஷேக் ஃபரீத் தன் ஷெட் வாசலில் சிந்திய ஆயில் மேல் மணலைப் பரப்பி வைப்பார். வெறுங்காலோடு வடம் பிடிப்பவர்கள் வழுக்கி விழக்கூடாதென்று. யாரிடமும் சொன்னதில்லை. அவரையே நான் சந்தேகப்பட்டேன்.

மகள் வெண்ணிலாவுக்குப் பிரசவ நாள் நெருங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக என் பழைய காரைத்தான் நம்பியிருந்தோம். அதில் இஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. நிறுத்தினால் கீழே ஒரு சொட்டுகூட இல்லை. எதிர்வீட்டுக்காரர் கண்தான் என்று நினைத்து, அமாவாசைதோறும் முன்னால் கட்டும் எலுமிச்சம்பழம் மிளகாயோடு இன்னொன்றும் கட்டினேன். இன்னும் வேகமாகக் குறைந்தது. பிறகு, கடைசியாக அதில் வேலை பார்த்த ஃபரீத் பாய் மேல் சந்தேகம் போனது.

“வேணும்னே இன்னாத்தையாவது லூஸ் பண்ணி வுட்டியா பாய்?” என்று கேட்டேவிட்டேன்.

“திட்டறத அப்பறம் வெச்சிக்கப்பா. இஞ்சின ஓட வுடு.”

சூடேறியதும் முன் கிரில்லுக்குள் டார்ச் அடித்தார். பழம் கட்ட நான் உள்ளே விட்டு முறுக்கிய கம்பியின் நுனி, ரேடியேட்டரில் குத்தியிருந்தது; இன்னொன்றும் கட்டியதில் ஓட்டை பெரிதாகியிருந்தது. அதன் வழியே கூலண்ட் மெல்லிசாகப் பீய்ச்சியடித்து, சூட்டில் ஆவியாகிப் போனது.

“திருஷ்டிக்குக் கட்டினதே குத்திடுச்சி பாரு!” என்று சிரித்தார். ரேடியேட்டரைக் கழற்றி ஈயம் வைத்து அடைத்தார். எலுமிச்சம்பழத்தை வீசவில்லை; பம்பரில் நூலால் அவரே கட்டினார்.

அந்தக் காரில்தான் வெண்ணிலாவும் குழந்தையும் வீடு திரும்பினார்கள்.

பிறகு அவர் ஷெட்டை மூடிவிட்டு தன் மகளோடு இருக்கக் காரைக்காலுக்குக் கிளம்பினார். பஸ் ஏறும்போது சொன்னார்:

“வேற மெக்கானிக்கு கெடைப்பான். அவனயும் சந்தேகப்படு, தப்பில்ல. ஆனா என்னக் கேட்டியே, அது மாதிரி மூஞ்சிக்கு நேரா கேட்டுடு.”