ஆறுதலா நடக்கிறவர்கள்

காலையில் கோப்பி குடிக்கக் குசினிக்குப் போவதற்கு நான் என் மனைவியின் காலைத் தாண்ட வேண்டியிருக்கிறது. ஜேர்மனியில் ஒரு சின்ன நகரத்தில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. படுக்கையறையிலிருந்து குசினிக்குப் பத்துப் பன்னிரண்டு எட்டுத்தான். கதவு நிலைக்கு வந்ததும் என் இரண்டு பாதங்களும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். வலி இல்லை, மயக்கம் இல்லை. கோப்பி மணக்கிறது, குடிக்க ஆசையாக இருக்கிறது, கால் மட்டும் வராது. அப்போது வசந்தி வந்து தன் பாதத்தை என் பாதத்துக்கு முன்னால் குறுக்காக வைப்பாள். என் கால் உடனே எழும்பி அதைத் தாண்டும். தாண்டிவிட்டால் மிச்சத் தூரத்தை மனிசனைப் போல நடந்துவிடுவேன். நட என்றால் கேட்காத மூளை, தாண்டு என்றால் வேறு வழியால் கேட்குமாம். ஊரில் ஒருவரின் காலைத் தாண்டினால் திரும்பத் தாண்டச் சொல்வார்கள், இல்லாவிட்டால் தாண்டப்பட்டவர் வளரமாட்டார் என்று. ஐம்பத்தாறு வயதில் இனி என்னத்தை வளர என்று வசந்தி சிரிக்கிறாள்.

எனக்குச் சிரிப்பு வருவதில்லை, கோபம்தான் வருகிறது. அந்தக் கதவு நிலையை எத்தனையோ தரம் குத்தியிருக்கிறேன். என் கேடு, அந்தக் குத்தும் பாதி வழியில் யோசித்து யோசித்துத்தான் போய்ச் சேர்கிறது.

நோயின் பெயர் பார்க்கின்சன். அதைக் கண்டுபிடிக்க ஒரு வருடம் பிந்தியதற்கு எங்கள் ஊர்ச் சொல் ஒன்றுதான் காரணம். என்னுடையது வேலைத்தளத்து ஜேர்மன் பாஷை. பெட்டி தூக்கவும் மணி கேட்கவும் போதும், உடம்பு வருத்தம் சொல்லப் போதாது. முதல் டொக்டரிடம் போனபோது மொழிபெயர்க்கச் சென்னையில் பிறந்த ஒரு பெண் வந்திருந்தார், நல்ல மனிசி. நான் அவரிடம், "கை கால் எல்லாம் இப்ப ஆறுதலாத்தான் அசையுது" என்று சொன்னேன். யாழ்ப்பாணத்தில் ஆறுதலா என்றால் மெதுவாக. ஆறுதலா வாங்கோ, ஆறுதலாச் சாப்பிடுங்கோ என்றுதான் நாங்கள் கதைப்போம். அவருக்கு ஆறுதல் என்றால் ஆறுதல்தானே. இவருடைய கை கால்கள் இப்போது நல்ல சுகமாக இருக்கின்றன என்று டொக்டரிடம் சொல்லியிருக்கிறார். டொக்டர் முகம் மலர்ந்து "ஸேர் கூட்" என்றார், மிக நல்லது என்று அர்த்தம். ஒரு விற்றமின் எழுதித் தந்து என்னை வீட்டுக்கு அனுப்பினார். நானும் பெரிதாக ஒன்றுமில்லையாக்கும் என்று நம்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வருடம் வேறொரு டொக்டர், இளம் பெண். அவர் வேறொருவரின் மூளையில் எடுத்த பதிவைத் திரையில் காட்டினார். கோடுகள் அடுத்தடுத்து ஒரே அளவாக எழுந்து எழுந்து விழுந்தன. மூளையின் ஆழத்தில் செக்கனுக்கு இருபது தரம்போல அடிக்கிற ஒரு தாளம் இருக்கிறதாம், பேட்டா என்று பெயர். எல்லாருக்கும் இருப்பதுதான். சும்மா இருக்கும்போது அடிக்கும், ஒருவன் அசைய நினைக்கிற கணத்தில் கலைந்து வழிவிடும். இந்த வருத்தக்காரருக்கு அது கலையாது. எல்லா நரம்பணுவும் சேர்ந்து ஒரே அடியாக அடித்துக்கொண்டே நிற்கும், அந்த அடிக்குள் அகப்பட்டு அசைவு வெளியே வராது. அவர் மேசையில் விரலால் தட்டிக் காட்டினார், டக் டக் டக் என்று. எனக்கு ஆமிக்காரரின் சப்பாத்துக் கால்கள் வரிசையாகப் போகும் சத்தம் கேட்டது. மெதுவாக நடக்கிறவன் உள்ளே மெதுவாக இல்லை, அவனுக்குள் அடிதடி நடக்கிறது என்று அன்றுதான் விளங்கியது. விளங்கியதும் எனக்கு என்னைப் பெற்ற ஐயாவின் முகம் வந்தது. அந்த அறையிலேயே குழறி அழுதேன். நோய்க்குப் பயந்து அழுகிறேன் என்று அவர் நினைத்துத் தண்ணீர் தந்தார்.

ஐயா பண்டத்தரிப்பில் வெங்காயமும் புகையிலையும் செய்த மனிதர். அறுபது தாண்டியதும் ஆறுதலாகிவிட்டார். தோட்டத்துக்குப் போக ஒரு மணித்தியாலம், சேர்ட் தெறி பூட்ட அரை மணித்தியாலம். முகமும் அசையாது. சிரித்தாலும் சிரிக்காத முகம், திட்டினாலும் அதே முகம். வீம்பு, மனிசன் வேண்டுமென்று செய்கிறார் என்று நாங்கள் எல்லாரும் சொன்னோம். யாரும் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போகவில்லை. அந்த நாட்களில் குண்டு பட்டவர்களைக் கூட்டிப்போகவே ஆளில்லை.

நான் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்ட அன்று ஐயா சந்தி வரைக்கும் வந்தே தீருவேன் என்று நின்றார். சந்தியில் சென்றி, ஆமிக்காரரின் காவலரண். அங்கே சைக்கிளை விட்டு இறங்கி, தொப்பி இருந்தால் கழற்றி, ஒவ்வொருவராக நடந்து கடக்க வேண்டும். கொழும்புக்குப் போகிற பாஸ் என் சேர்ட் பைக்குள் இருந்தது. அந்தப் பக்கம் பஸ் நின்றது. எனக்கு முன்னால் ஐயா. மண்மூட்டைக்கு நேரே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சென்றியில் நின்றவன் "இக்மண்ட, இக்மண்ட" என்று கத்தினான், கெதியாய், விரைவாய் என்று சிங்களத்தில். ஐயா அசையவில்லை, அந்த முகத்தோடு அவனைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவன் துவக்கைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு மண்மூட்டையைத் தாண்டி வந்தான். ஐயாவைப் பிடித்தால் என்னையும் பிடிப்பான், பாஸ் போகும், பஸ் போகும். "கெதியா நடவணை ஐயா" என்று கத்திக்கொண்டு நான் அவருடைய பிடரியில் அடித்தேன்.

கையை விரித்து அல்ல, பொத்தி அடித்தேன். அவர் மரம் மாதிரி முகங்குப்புற விழுந்தார். கையை ஊன்றுவார்தானே என்று நினைத்தேன். கை வரவில்லை. முன்பற்கள் தார் றோட்டில் உடைந்த சத்தம் இன்றும் எனக்குக் கேட்கிறது. துவக்கோடு வந்தவன் அப்படியே நின்று என்னைப் பார்த்தான். அவனுடைய அடி விழவில்லை. விழுந்தது என்னுடையது. பிறகு அவன் என்னைப் பார்த்துக் கையை வீசினான், போ என்று. ஐயாவைத் தூக்கி றோட்டுக்கரையில் இருத்தினேன். வாயெல்லாம் இரத்தம். பஸ் இரைந்துகொண்டு நின்றது. ஐயாவும் கையைத் தூக்கி, அதுவும் ஆறுதலாத்தான், போ என்று காட்டினார். நான் ஏறிப் போய்விட்டேன்.

அக்காவின் கடிதம் எனக்கு ஜேர்மனி அகதி முகாமில்தான் கிடைத்தது. நீ பஸ் ஏறினாப் பிறகு ஐயாவுக்குச் சென்றியிலை அடிச்சுப்போட்டாங்கள் என்று எழுதியிருந்தாள். ஆர் அடிச்சது என்று கேட்டவளுக்கு ஐயா அப்படித்தான் சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் காலையில் அவள் தனியாகச் சந்திக்குப் போய், என்ரை தேப்பனுக்கு அடிச்சவன் ஆர் என்று கேட்டுச் சத்தம் போட்டிருக்கிறாள். அங்கே நின்ற ஒருவன் அவளுடைய இடது காதைப் பொத்தி அறைந்தான். அந்தக் காது அன்றோடு போனது. அந்தக் கடிதத்தை நான் அகதி விசாரணைக்குக் கொண்டுபோனேன். அப்பாவை அடித்தார்கள், அக்காவை அடித்தார்கள் என்று அழுது சொன்னேன், அழுகை பொய் இல்லை. எனக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்தது. நான் அடித்த அடியில்தான் எனக்கு ஒரு நாடு கிடைத்தது என்று இத்தனை வருடமும் ஒருவருக்கும் சொல்லவில்லை, வசந்திக்குக்கூட.

இப்போது எனக்கு மண்டையில் துளை போடப்போகிறார்கள். மெல்லிய கம்பி இரண்டை உள்ளே இறக்கி, மின்சாரம் கொடுத்து, அந்த அடங்காத தாளத்தைக் கலைப்பார்களாம். துளைக்கும்போது நான் விழித்திருக்க வேண்டும். கையைத் திற, மூடு, பெயரைச் சொல் என்பார்கள். அதைச் செய், இதைச் செய் என்று இன்னொருவன் கட்டளையிடுகிற இடத்தில் நான் கடைசியாக நின்றது அந்தச் சந்தியில். சத்திரசிகிச்சையில் பேச்சு மங்கலாம் என்று ஒரு கடதாசியிலும் ஒப்பம் வாங்கினார்கள். வாய் இருக்கும்போதே அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஊருக்கு ரிக்கெற் எடுத்தேன்.

பண்டத்தரிப்பில் அக்கா தனியாக இருக்கிறாள். ஐயா போய்ப் பல வருடம். அவள் கதவுக்குப் பின்னால் இரும்பு இல்லாத ஒரு மண்வெட்டிப் பிடி சாத்தியிருந்தது. கேட்டேன். கடைசிக் காலத்தில் ஐயா வாசல் படலைக்கு வந்தால் அதைத் தாண்டிப் போகமாட்டாராம், நின்றுவிடுவாராம். ஒருநாள் இந்தப் பிடி தவறி அவர் முன்னால் விழ, தாண்டி நடந்துவிட்டார். அன்றிலிருந்து நிற்கும் இடமெல்லாம் அக்கா அதைக் குறுக்கே போடுவாளாம். ஜேர்மனியில் எனக்குப் படித்தவர்கள் சொல்லித் தந்ததை அவள் வெறும் பிடியால் கண்டுபிடித்திருந்தாள். பல் இல்லாத வாய்க்கு ஒன்பது வருடம் சோற்றைக் கரைத்து ஊட்டியதையும் அதே மூச்சில் சொன்னாள்.

மூன்றாம் நாள் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். இடது பக்கத்தில் இருந்து சொன்னேன். "என்ன?" என்று திரும்பினாள். ஒன்றுமில்லை என்றேன். அவ்வளவுதான் என் வீரம்.

ஐந்தாம் நாள் சந்திக்குப் பேப்பர் வாங்கப் போனேன். சென்றி இருந்த இடத்தில் இப்போது போனுக்கு ரீலோட் போடுகிற கடையும் ஒரு பேக்கரியும். றோட்டைக் கடக்கும்போது நடுவில் கால் ஒட்டிக்கொண்டது. வெங்காய மூட்டை ஏற்றிய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று வந்து ஹோர்ன் அடித்தது. எனக்குத் தாண்ட ஒன்றும் இல்லை, வசந்தியின் காலும் இல்லை. ஓட்டி வந்த ஆள் இறங்கி வந்தார், நாற்பது வயது இருக்கும், வெயிலில் காய்ந்த முகம். "காலமையே தண்ணியைப் போட்டிட்டு நிக்கிறியோ? றோட்டு என்ன உன்ரை கொப்பற்றையோ?" என்று கேட்டு தோளைப் பிடித்துத் தள்ளினார். திரும்பி முகங்குப்புற விழுந்தேன். கை வரவில்லை. உதடு கிழிந்து வாய்க்குள் இரத்தம் ஊறியது. தாருக்கு ஒரு ருசி இருக்கிறது. ஐயா அதை அறிந்திருப்பார். எனக்கு அந்த மனிதரில் கோபம் வரவில்லை. அவருக்கும் அவசரம், நான் குறுக்கே நிற்கிறேன், அவருக்கு வேறென்ன தெரியும். பேக்கரிக்காரர்தான் என்னைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றி அனுப்பினார்.

அக்கா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தாள். "ஆர் அடிச்சது?" என்று கேட்டாள். ஐயாவிடம் கேட்ட அதே கேள்வி. நான் அவளுடைய வலது காதுப் பக்கம் திரும்பினேன்.

"ஐயாவுக்கு அடிச்சது நான்தான் அக்கா. சென்றியிலை நிண்டவன் இல்லை. நான்."

அவள் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு அந்தத் துணி பிடித்த கையாலேயே என் வாயில் அறைந்தாள். நிறுத்தவில்லை. கன்னத்தில், தலையில், தோளில் என்று கண்ட கண்ட இடத்தில் அடித்தாள். செம்பு உருண்டு போனது. கதிரை சரிந்தது. சத்தம் போடாமல் மூச்சை இறுக்கிக்கொண்டு அடித்தாள். முகத்தை மறைக்க நான் கையைத் தூக்கினேன். கை நடுவழியில் நின்றது. அவள் ஓய்ந்து மூச்சு வாங்கிய பிறகுதான் அது முகத்துக்கு வந்து சேர்ந்தது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

"ஐயாவும் உப்பிடித்தான்," என்றாள். "மூக்கிலை இருக்கிற இலையான் கலைக்கக் கை எடுத்தா, இலையான் போனாப் பிறகுதான் கை வரும்." பிறகு தன் இடது காதைத் தொட்டாள். "ஐயா உன்னைக் காப்பாத்தினது சரி. என்ரை காதுக்கு என்ன சொல்லப்போறாய்?"

 மன்னிப்புக் கேட்க வந்தவன்தான், ஆனால் அந்தச் சொல்லை எடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு நாலு நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை. நேரத்துக்குச் சோறு வந்தது. உதடு காயும் வரை கஞ்சியாக வந்தது. அவள் அதைக் கரைத்த விதத்தில் ஐயாவுக்குக் கரைத்த பழக்கம் இருந்தது. அதைக் குடிக்க என்னால் முடியவில்லை, குடிக்காமல் விடவும் முடியவில்லை.

பத்தாம் நாள் காலையில் வான் வந்து றோட்டில் நின்றது. பெட்டியைச் சாரதி ஏற்றிவிட்டார். நான் படலை வரை வந்து நின்றுவிட்டேன். வெளியே வான், உள்ளே வீடு, கால் இரண்டும் படலைக்குக் கீழே. எத்தனை நேரம் நின்றேனோ தெரியாது. அக்கா வீட்டுக்குள் போனாள். கதவை அடித்துச் சாத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அந்த மண்வெட்டிப் பிடியை எடுத்துக்கொண்டு வந்து, எனக்கு முன்னால், படலைக்கு வெளிப்பக்கமாகக் குறுக்கே போட்டாள்.

"ஆறுதலாப் போ," என்றாள்.

எங்கள் ஊரில் ஒருவரையும் போ என்று சொல்லி அனுப்புவதில்லை. போட்டு வா, போய்த் திரும்பி வா என்றுதான் சொல்வார்கள். சாமான் வாங்கக் கடைக்குப் போகிறவனுக்கும் அப்படித்தான், கடல் கடக்கிறவனுக்கும் அப்படித்தான். என் வலது கால் எழும்பிப் பிடியைத் தாண்டி றோட்டில் ஊன்றியது. இடது கால் வளவுக்குள்ளேயே நின்றது. மிச்சச் சொல்லையும் சொல்லுவாள் என்று நினைத்து, "போட்டு வாறன் அக்கா" என்றேன். அவள் முகத்தைத் திருப்பி, கேட்காத காதை என் பக்கம் வைத்துக்கொண்டாள். வான்காரர் ஹோர்ன் அடித்தார். நான் பிடிக்கு அந்தப் பக்கம் ஒரு காலும் இந்தப் பக்கம் ஒரு காலுமாக நின்றேன்.