எலிக்குச் செய்த மருந்து

தேனியில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் வராந்தாவில் அன்றைக்கு இருந்தவர்கள் அப்பா, அம்மா, தாய்மாமன், இடுப்பில் பிள்ளையோடு மதினி. உள்ளே கட்டிலில் அண்ணன். இல்லாதவன் நான். நான் கொண்டுவருவேன் என்று அவர்கள் ஏழு மணி நேரம் காத்துக் கிடந்த மருந்தும் அங்கே இல்லை. அது எங்கேயுமே இல்லை. அதை நான் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை.

2009 பங்குனி. நான் கோயம்புத்தூரில் ஆராய்ச்சி மாணவன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அண்ணன் மூன்றாம் வகுப்போடு ஓடைப்பட்டியில் எங்கள் திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அவர் கவாத்து வெட்டிய கொடியில்தான் என் விடுதிக் கட்டணம் காய்த்தது.

என் வேலை இதுதான். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களின் சுவர் சாதாரண நாளில் எந்த மருந்தையும் லேசில் உள்ளே விடாது. மண்டையில் பலமாக அடிபட்டால் அந்தச் சுவர் சில மணி நேரத்துக்குக் கசியும். அந்தக் கசிவு வழியாக மருந்தைச் சுமந்துகொண்டு நுழையும் துகள்களை நாங்கள் செய்தோம். ஆஸ்பத்திரியில் தையல் போடுகிற, தானாகக் கரையும் நூல் இருக்கிறதே, அதே சரக்கு. அதை மருந்தோடு சேர்த்துக் கரைத்து, சுழலும் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டால் தண்ணீர் பால்போல வெளுக்கும். அந்த வெளுப்புதான் துகள்கள். ஒவ்வொன்றும் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருக்கும். எலியை மயக்கி, அளந்து எடைபோட்ட ஒரு குண்டை அதன் மண்டையில் விழவிட்டு, வாலில் ஓடும் ரத்தக்குழாயில் அந்தப் பாலை ஏற்றுவோம். பிறகு ஒரு மெல்லிய மரச்சட்டத்தின் மேல் எலியை நடக்கவிட்டு, எத்தனை தடவை கால் வழுக்குகிறது என்று எண்ணுவேன். மருந்து ஏறிய எலிகள் குறைவாக வழுக்கின. அவ்வளவுதான் நாங்கள் கண்டது. அது பொய்யில்லை. ஆனால் அவ்வளவுதான்.

அதற்கு முந்தைய சித்திரையில் இதைப் பற்றி ஒரு பத்திரிகையில் செய்தி வந்தது. ‘தலைக்காயத்துக்குப் புதிய மருந்து: தேனி விவசாயி மகன் சாதனை.’ வீரபாண்டித் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தபோது அந்தத் தாளைக் கொண்டுவந்தேன். வீட்டில் வாசிக்கத் தெரிந்தவன் நான்தான் என்பதால் நானே சத்தமாக வாசித்தேன். தலைப்பை வாசித்தேன். முதல் பத்தியை இரண்டு தடவை வாசித்தேன். கடைசிப் பத்தியில், இது எலிகளில் மட்டுமே பார்க்கப்பட்டது, மனிதருக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும் என்று இருந்தது. அந்த இடத்தில் நிறுத்தித் தாளை மடித்துவிட்டேன். அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது மேற்கொண்டு வாசிக்க மனம் வரவில்லை. இன்றைக்கு அதை நினைத்தால் அந்தக் கையை முறிக்கத் தோன்றுகிறது.

மாமா அன்றைக்கே கோயில் பக்கம் ராட்டினத்தடியில் நின்று போகிற வருகிற ஆளையெல்லாம் பிடித்துவைத்துச் சொன்னார்.

“இனிமே மண்டை ஒடைஞ்சா யாரும் பயப்படாதீக. எம் மருமகென் ஒட்டிருவான்.”

“அப்ப ஒம் மண்டைய மொதல்ல பாக்கச் சொல்லுய்யா” என்றார் கூட நின்ற ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விபத்து ஒன்றும் பெரிதில்லை. காலை எட்டு மணிக்கு அண்ணன் மொபெட்டில் இரண்டு பெட்டி திராட்சையைக் கட்டிக்கொண்டு சின்னமனூர் ரோட்டில் போனபோது ஒரு நாய் குறுக்கே வந்தது. விழுந்தார். எழுந்தார். சிந்திய குலைகளைத் தானே பொறுக்கிப் பெட்டியில் போட்டார். டீ குடித்தார். கடைக்காரரிடம், “பழத்துக்கு ஒண்ணும் ஆகலண்ணே” என்று சொல்லியிருக்கிறார். அரைமணி கழித்து வாந்தி எடுத்தார். பிறகு கூப்பிட்டால் கண்ணைத் திறந்து திறந்து மூடினார். பத்தரை மணிக்குத் தேனியில் ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. மண்டையோட்டுக்கு அடியில் ரத்தம் கட்டி மூளையை அழுத்துகிறது, தலையைத் திறக்க வேண்டும், இங்கே அந்த வசதி இல்லை, இப்போதே மதுரைக்குப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆம்புலன்ஸுக்கும் சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டில் காது குத்தவும் தாய்மாமன்தான், சீர் செய்யவும் தாய்மாமன்தான். அவர் தலையாட்டாமல் அப்பா எதற்கும் கைநாட்டு வைத்ததில்லை. மாமா தலையாட்டவில்லை.

“தலையத் தொறந்தா தொறந்ததுதான் ஆத்தா. நம்ம பய மூளைக்குத்தான மருந்து செய்யுறான்? அவென் வரட்டும். ஊசியில முடியுற காரியத்துக்கு எதுக்குக் கத்தி?”

ஆம்புலன்ஸ் வந்து நின்று, காத்திருந்து, வேறு ஒருவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

எலி வைத்திருக்கும் அறைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. நான் வெளியே வந்து பார்த்தபோது மாமாவின் எண்ணிலிருந்து பதினொரு அழைப்புகள். கூப்பிட்டேன்.

“ஏலே, அண்ணென் வண்டியோட விழுந்துட்டான். மண்டையில அடி. நெனவு வந்து வந்து போகுது. அந்த மருந்த எடுத்துக்கிட்டு ஒடனே கெளம்பு.”

“டாக்டரு என்ன சொல்றாக மாமா?”

“என்னத்தச் சொல்றாக, ஸ்கேன் எடுத்துருக்காக. நீ வா மொதல்ல.”

“வர்றேன் மாமா.”

மருந்து என்று அவர் சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது. ‘மருந்து இல்லை மாமா’ என்று மூன்று வார்த்தை சொல்ல எனக்கு வாய் இருந்தது. நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். டாக்டர் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள் என்றும் நினைத்தேன். படித்தவன் நினைப்பு அது. என் வீட்டு ஆட்கள் டாக்டரைவிட என்னை நம்புவார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பழனி, ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு என்று பஸ் ஊர் ஊராக நின்று நின்று போனது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, ஸ்கேனில் என்ன இருக்கும் என்று பாடப் புத்தகத்தை மனசுக்குள் புரட்டிக்கொண்டு வந்தேன்.

வராந்தாவில் ஏறியதும் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. தோளிலிருந்த பையை வாங்கி, கீழே உட்கார்ந்து ஜிப்பைத் திறந்தார். ஒரு சட்டை, ஒரு கைலி, துண்டு. ஒவ்வொன்றாக எடுத்து உதறினார்.

“எங்கனப்பா வச்சிருக்க?”

“என்னதும்மா?”

“மருந்துடா. ஐஸுல வச்சிருக்கியா?”

“மதுரைக்கு ஏன்மா இன்னும் போகல?”

“நீதான வர்றேன்ன.”

“அம்மா, அது எலிக்குத்தாம்மா. மனுசனுக்கு இன்னும் வரல.”

மாமா எழுந்து வந்தார்.

“எலிக்கா?” என்றார். “ஏன்டா, எலிக்கு வைத்தியம் பாக்கவா இருபது வருசம் படிச்ச? எங்க களத்துல நாங்க எலிய அடிச்சுல்ல கொல்றோம்!”

“நீங்க எதுக்கு மாமா டாக்டர் சொன்னத மறைச்சீக?”

“நீ எதுக்குடா எலிய மறைச்ச?”

மதினி மட்டும் மெல்லக் கேட்டார், “அப்ப அந்தப் பேப்பர்ல போட்டது பொய்யா தம்பி?”

“பொய்யில்ல மதினி. நாந்தான் முழுசா வாசிக்கல.”

டாக்டர் வெளியே வந்தார். “நீதான் அந்தப் படிச்ச தம்பியா? காலையில இருந்து ஒன்னையச் சொல்லித்தான் என்னை நிறுத்தி வச்சிருக்காக. மூணு தடவ சொல்லிட்டேன், சத்தம் போட்டுக்கூடப் பாத்துட்டேன். இப்பவாவது கெளம்புறீகளா?”

மதுரைக்குக் கொண்டுபோகச் சம்மதம் என்று நான் கையெழுத்துப் போட்டேன். அதற்கு எனக்கு அரை நிமிடம் பிடித்தது. அந்த அரை நிமிடம் காலை பத்தரைக்கே என் வீட்டு ஆட்களுக்குக் கிடைத்திருக்க வேண்டியது.

மதுரையில் அன்றைக்கே அறுவைசிகிச்சை முடிந்தது. மறுநாள் காலை அந்த சர்ஜனைப் படிக்கட்டில் மறித்து, முன்னாலேயே வந்திருந்தால் என்று கேட்டேன். அவர் நின்று, நான் யார் என்று கேட்டுக்கொண்டு, மழுப்பாமல் சொன்னார்.

“மத்தியானத்துக்குள்ள வந்திருந்தா ஒரு வாரத்துல நடந்தே வீட்டுக்குப் போயிருப்பாரு. ஓட்டை போட்டு ரத்தத்தை எடுக்கணும். ரொம்பப் பழைய வைத்தியம் தம்பி இது. இதுக்குப் புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்க வேண்டியதில்ல.”

அண்ணனுக்கு வேண்டியிருந்தது மண்டையோட்டில் ஒரு ஓட்டை. கண்ணுக்குத் தெரியாத துகளில் நான் நான்கு வருடம் கிடந்தேன். கண்ணுக்குத் தெரிகிற ஓட்டையை என் அண்ணனுக்கு நானே அடைத்து வைத்தேன்.

அவர் பிழைத்தார். வலது கை மடங்கியது மடங்கியபடி இருக்கிறது. வார்த்தைகள் வருவதில்லை. கவாத்துக் கத்தரியைக் காட்டினால் சிரிக்கிறார், கையில் எடுக்கிறார், அதன் பெயர் வருவதில்லை. மகளைக் கூப்பிடத் தட்டை எடுத்துத் தரையில் தட்டுகிறார். ஒருநாள் அரைமணி நேரம் மூச்சு முட்ட முயன்று, என்னைப் பார்த்து “தண்ணி” என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். தட்டிவிட்டார். அவர் கேட்டது தண்ணீர் இல்லை. என்ன கேட்டார் என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அவர் அழுதார்.

ஒரு மாதம் கழித்து ஆய்வகத்துக்குப் போனேன். பேராசிரியர் பரிவாகத்தான் பேசினார். பிறகு, இன்னொரு பத்திரிகையிலிருந்து வருகிறார்கள், நீ விவசாயி மகன் என்பதால் நீ பேசினால் நன்றாக இருக்கும் என்றார்.

“எலின்னு தலைப்புலயே போடச் சொல்லுங்க சார். பேசுறேன்.”

“அப்படிப் போட்டா யாருப்பா படிப்பா? அதான் கடைசியில எப்பவும் போடுறாங்கல்ல.”

“எங்க வீட்டுல கடைசி வரைக்கும் யாரும் வாசிக்கலையே சார்.”

“அது பத்திரிகையோட தப்பில்லையே” என்றார். உண்மைதான். பத்திரிகையின் தப்பில்லை, பேராசிரியரின் தப்பில்லை, மாமாவும் மருமகனின் மேல் வைத்த நம்பிக்கையில்தான் செய்தார். இத்தனை பேரும் தப்பில்லாதவர்களாக இருந்து, ஒரு மனிதனின் பேச்சு போய்விட்டது. நான் அந்தப் பேட்டிக்குப் போகவில்லை. எலி அறைக்குப் போனேன், வழுக்கல்களை எண்ணினேன், ஆய்வை முடித்தேன். விட்டுவிட்டு வந்தால் நல்லவனாகிவிடலாம் என்ற எண்ணம் வந்தபோது அதன் மேலும் கோபம் வந்தது.

அம்மா என்னை ஒரு நாளும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மதினி திட்டினார், ஒரே ஒரு தடவை, அடுத்த வருடம் தோட்டத்தை விற்றுக் கிரயப் பத்திரம் எழுதின அன்று. ரிஜிஸ்டர் ஆபீஸில் அண்ணனின் இடது கட்டைவிரலை மையில் வைத்து நான்தான் அழுத்தினேன். அவர் விரலைப் பின்னால் இழுத்தார். என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரிந்திருந்தது, சொல்ல வார்த்தைதான் இல்லை. “படிச்சுச் சொல்லுங்க தம்பி, அவருக்கு” என்றார் மதினி. “இதையாச்சும் முழுசா வாசிங்க.”

வாசித்தேன். நான்கு எல்லை, கிணற்றில் பாதிப் பங்கு, கல் தூண்களோடும் கம்பிப் பந்தலோடும் சேர்ந்த ஒன்றேகால் ஏக்கர். மதுரை ஆஸ்பத்திரி, இரண்டாவது அறுவைசிகிச்சை, பேச்சுப் பயிற்சி, அதற்கெல்லாம் வாங்கிய கடன், எல்லாவற்றையும் அடைக்க வாங்குகிறவர் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகையையும் எண்ணாலும் எழுத்தாலும் சத்தமாக வாசித்தேன்: ஐந்து லட்சத்து அறுபத்திரண்டாயிரம் ரூபாய்.