ஹாரன் இல்லாத பாதையில் போய் வந்தவள்

செய்தி வந்தபோது நான் கொரட்டூர் ஏரிக்கரையில் சைக்கிளோடு நின்று அவளுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு காலை ஆறு மணி. எங்கள் சைக்கிள் குழுவில் ஐந்து பேர் வந்திருந்தோம். கனகவல்லிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்று தெரியும். ஆனாலும் வந்துவிடுவாள் என்றே நினைத்திருந்தோம். அவளுடைய அண்ணன் மகள் சுதா போன் செய்தாள். "ஆன்ட்டி, அத்தை பூட்டாங்க. விடிகாத்தால மூச்சு வாங்கிச்சு. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள..."

மற்றவர்கள் அழுதார்கள். எனக்கு முதலில் தோன்றியதை இங்கே எழுதியாக வேண்டும். கனகாவை அறிந்த நீங்கள் என்னையும் அறிவீர்கள், மறைத்துப் பயனில்லை. இனி இவளை எட்டிப் பிடிக்கவே முடியாது என்றுதான் தோன்றியது. அழுகை அதற்குப் பிறகு வந்தது.

முகப்பேரில் ஒரு தனியார் பள்ளியில் பதினெட்டு ஆண்டுகள் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் பிரெஞ்சு ஆசிரியை, அவள் விளையாட்டு ஆசிரியை. நான் திருநெல்வேலியிலிருந்து திருமணமாகி இங்கே வந்தவள். அவள் சேக்காட்டில் பிறந்து, திருமணம் வேண்டாமென்று அண்ணன் குடும்பத்தோடு அங்கேயே இருந்தவள். இரண்டு பேருக்கும் ஒரே வயது. தினமும் சைக்கிளில்தான் பள்ளிக்கு வருவாள். ஒருமுறை அம்பத்தூர் தொழிற்பேட்டைச் சாலையில் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு தண்ணீர் லாரி விடாமல் ஹாரன் அடித்தது. நான் பதறிப்போய் ஓரத்து மணலில் இறங்கி நின்றுவிட்டேன். அவள் சைக்கிளை நடுவிலேயே நிறுத்தி, ஓட்டுநரின் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றாள். "அண்ணாத்தே, எனுக்கு காது நல்லாவே கேக்குது. எடம் வேணும்னா கேளு, உடறேன். எதுக்கு இப்டி கத்தற?" ஓட்டுநர் சிரித்துவிட்டார். மணலில் நின்றபடி நான் அவள்மேல் பொறாமைப்பட்டது அன்றைக்குத்தான் முதல்முறை.

அன்று மதியம் ஆசிரியர் அறையில், அவளைவிட எனக்கு ஏதாவது அதிகம் தெரியும் என்று காட்டிக்கொள்ளத்தான் அந்தப் பேச்சை எடுத்தேன். பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில் ரயில் நின்றுபோன பழைய இருப்புப்பாதை ஒன்றைப் பெயர்த்துவிட்டுச் சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள் என்றேன். ஷாலோன் என்ற ஊரிலிருந்து மாக்கோன் வரை ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், வெள்ளை மாடுகள், பழைய ஸ்டேஷன் கட்டடங்கள். அங்கிருந்து கால்வாய்க் கரையோடும் பாதைகள் பிரிந்து போகின்றன. மோட்டார் வண்டி எதற்கும் அனுமதி கிடையாது.

"வண்டியே வராத ரோடா?" என்றாள் கனகா, சோற்றில் கை வைத்தபடி. "யாரு ஊட்டு ரோடு அது?"

"எல்லாருக்கும்தான். அரசாங்கம் போட்டது."

"அப்ப நம்பளும் போலாம்ல? இன்னா இப்டி முழிக்கிற? போலாமா வேணாமா?"

இருபது ஆண்டுகளாகப் படங்களில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, போகலாம் என்ற எண்ணமே அதுவரை வந்ததில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகள் நான்தான் திட்டம் போட்டேன். எந்த நாள் எந்த ஊரில் தங்குவது, எங்கே தண்ணீர் பிடிப்பது, சைக்கிள் எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்று ஒரு முழு நோட்டு எழுதினேன். அவள் ஏரிக்கரையில் எங்களை ஓட்டிப் பழக்கினாள். குழு தொடங்கியது அப்படித்தான்.

விசாவுக்கு நாள் குறித்த பிறகு நான் பின்வாங்கினேன். மாமியாருக்கு அறுவை சிகிச்சை என்றேன். அது உண்மைதான். ஆனால் அதைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். நான் வரவில்லையென்றால் அவளும் போகமாட்டாள், இன்னொரு வருடம் பார்க்கலாம் என்று இருவரும் சொல்லிக்கொள்வோம் என்றுதான் நினைத்தேன். அவள் கையை நீட்டினாள். "அப்ப நோட்ட குடு. நான் போய்ட்டு வந்துடறேன்."

கொடுத்துவிட்டேன். அவளுக்குப் பிரெஞ்சில் ஒரு வார்த்தை தெரியாது.

பிரான்ஸுக்குப் போய், அந்தப் பாதையிலிருந்து அவள் ஒரு குரல் பதிவு அனுப்பினாள். பாடி மேம்பாலத்துக்குக் கீழே ஆட்டோவில் மாட்டிக்கொண்டு நான் அதைக் கேட்டேன். "கேளு, பேசாத கேளு" என்ற அவளுடைய குரல், அப்புறம் ஒரு நிமிடம் சக்கரம் உருளும் சத்தம், எங்கோ ஒரு பறவை. அவ்வளவுதான். என்னைச் சுற்றி நாலு பக்கமும் ஹாரன். நான் அந்தப் பதிவை அழித்தேன். குழுவில் பலர் பிறகு அதைப் போட்டுக் காட்டச் சொன்னபோது, எனக்கு வரவேயில்லை என்று பொய் சொன்னேன். இன்று சொல்கிறேன், வந்தது.

திரும்பி வந்ததும் பள்ளிக் காலைக் கூட்டத்தில் அவளைப் பேசச் சொன்னார்கள். வழியில் டயர் பஞ்சரான கதையைச் சொன்னாள். பழைய ஸ்டேஷன் வீடு ஒன்றில் குடியிருந்த கிழவர் ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாராம். இவள் டியூபைத் தண்ணீரில் அமுக்கி, ஓட்டையைக் கண்டுபிடித்து ஒட்டினாளாம். அப்புறம் அவர் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுத்து உட்கார வைத்துவிட்டார். "நான் தமிழ்ல பேசினேன். அவரு அவரு பாஷைல பேசினாரு. ரெண்டு மணி நேரம் பசங்களா! ஒரு சண்ட வர்ல." பிள்ளைகள் கைதட்டினார்கள். "அங்கேர்ந்து நேரா மாக்கான்" என்றாள்.

மூன்றாம் வரிசையிலிருந்து என் குரல் எழுந்தது. "மாக்கான் இல்லை மிஸ், மாக்கோன்."

கனகா மைக்கை வாயருகே கொண்டுபோனாள். "பாத்தீங்களா, கிளாஸ்ல கவனிக்கலன்னா என்ன மாதிரி மாக்கான் ஆயிடுவீங்க." ஆயிரம் பிள்ளைகளின் சிரிப்பும் அவள் பக்கம் போயிற்று. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"வயிறு எரியுதா?"

"ஆமா."

"எரியட்டும். உன் எடத்துல நான் இருந்தா எனக்கும் எரியும். ஆனா மாமியார் கதைய உடு. ஏன் வர்ல?"

அதுவரை யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். "இருபது வருஷமா பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கேன். ஒரு பிரெஞ்சுக்காரங்ககிட்டகூடப் பேசினதில்ல கனகா. நான் பேசி, அவங்களுக்குப் புரியலன்னா? அப்புறம் எந்த முகத்த வச்சுக்கிட்டு வகுப்புக்குப் போவேன்?"

அவள் ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்குக் கோபம் வந்தது. "அடிப்பாவி, அதுக்கா? போர்டுல இன்னா எழுதிகீதுன்னு தெரியாம நான் எங்கயோ வயக்காட்டுல பூந்துகினு நின்னேன். அவ வந்திருந்தா படிச்சிருப்பாளேன்னு உன்ன திட்டிகினே சைக்கிள தள்ளினேன். உனுக்கு புரியலன்னா பயம். எனுக்கு அங்க எதுவுமே புரியல, தெரியுமா?" என் தோளில் ஓர் அடி அடித்துவிட்டு மைதானத்துக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகு எங்களுக்குள் நடிப்பு இல்லை. அவள் பிரான்ஸ் கதை சொல்லும்போதெல்லாம் எனக்கு எரியும், நான் சொல்லிவிடுவேன், அவள் இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்வாள். அடுத்த மே மாதம் இருவரும் சேர்ந்து போவதாக இருந்தது. "இந்த வாட்டி நீ பேசு, நான் வேடிக்கை பாக்கறேன்" என்பாள். அதற்குள் அந்த மூன்று நாள் காய்ச்சல்.

காரியம் முடிந்த மறுநாள் மதியம், வீட்டில் யாரும் இல்லாதபோது, அந்தப் பாதையோரத்து விடுதி ஒன்றுக்கு அறை கேட்டுப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தார். என் முதல் வாக்கியம் அவருக்குப் புரியவில்லை. காது சூடாகிவிட்டது. மறுபடி சொன்னேன். புரிந்தது. மெதுவாகப் பதில் சொன்னார். எத்தனை பேர் என்று கேட்டார், சொன்னேன். மே மாதம் மழை இருக்குமா என்று நான் கேட்டேன். இருக்கும், ஆனால் நல்ல மழை என்றார். நான்கு நிமிடம் பேசினோம்.

போனை வைத்ததும், இதைக் கேட்டுச் சந்தோஷப்பட கனகா இல்லையே என்று நான் வருந்தியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது வேறு. இத்தனை ஆண்டு படித்து நான் நான்கு நிமிடம் பேசினேன். அவள் ஒரு வார்த்தை தெரியாமல் இரண்டு மணி நேரம் பேசிவிட்டுப் போய்விட்டாள். மறுபடி வயிறு எரிந்தது, அவள் உயிரோடு இருந்தபோது எரிந்த அதே அளவுக்கு. கனகா எனக்கு வைத்துவிட்டுப் போயிருப்பது இதுதான். இது அணைந்துவிட்டால் நான் மறுபடி மணலில் இறங்கி நின்றுவிடுவேன். அதனால் இதைப் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். மே மாதம் இதோடுதான் போகிறேன்.