தியோடர் வாத்தியார் குஸ்தி பழகிய கதை

காக்ஸ் டவுன் தியோடர் வாத்தியாருக்கு உடம்பு ஒல்லி, குரல் மட்டும் கனம். அந்தக் குரலை வைத்துக்கொண்டே இத்தனை காலம் வகுப்பை ஓட்டிவிட்டார். 1932இல் எட்டாம் வகுப்பு அவர் தலையில் விழுந்தது. முந்தின வருஷம் அதை எடுத்த சேஷகிரி, ஒரு பையனை ஃபெயில் போட்டதற்காக அவன் அண்ணன் ரங்காவிடம் பள்ளிக்கூடத்திலேயே உதை வாங்கி, ஊரைவிட்டே போய்விட்டார். அதே பையன் இந்த வருஷமும் கணக்கில் தேறுகிற வழியாக இல்லை. பொய் மார்க் போடத் தியோடருக்கு மனசு வராது. உதை வாங்க உடம்பு தாங்காது.

தற்காப்புக்கு ஏதாவது பழகுவதென்று தீர்மானித்தார். சிலம்பம் என்றால் கம்பும் கையுமாகவா பாடம் நடத்துவது? கண்டோன்மெண்ட் சிப்பாய்களிடம் பாக்ஸிங் பழகலாம் என்றார் சிநேகிதர் டென்சில். மனைவி நோரா ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

"குத்தினா மூக்கு ஒடையும்ங்க. எவன் மூக்கு ஒடைஞ்சாலும் போறது உங்க வேலதான். அடிக்காம ஆளப் புடிச்சு அமுக்குற மாதிரி ஒண்ணும் இல்லியா?"

இருந்தது, குஸ்தி. அல்சூரில் கரடி மனை என்று சொல்லும் குஸ்திக்கூடத்தில் போய்ச் சேர்ந்தார். விடிந்ததும் செம்மண் குழி, பிறகு குளியல், பிறகு பள்ளிக்கூடம். உள்ளதைச் சொன்னால், வித்தை அவருக்கு ஏறவே இல்லை. பிடி போடப் போனவர் பிடிபட்டே கிடந்தார். பிசகாமல் வந்தது சண்டைக்கு முன் செய்யும் மரியாதை ஒன்றுதான். குழி மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து எதிராளியின் தோளில் தூவி, அவன் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். உன்மேல் எனக்குப் பகை இல்லை என்று அதற்கு அர்த்தம். அதைச் செய்துவிட்டுக் கோபத்தில் கைநீட்டுகிறவனை எந்தக் கூடத்திலும் சேர்க்க மாட்டார்கள்.

பரீட்சை முடிவு சொன்ன அன்று, தியோடர் வகுப்பில் தனியாக இருந்தபோது ரங்கா வந்தான். வாசலை அடைக்கிற ஆகிருதி.

"யோவ் வாத்தியாரே, என் தம்பிய மறுபடி ஃபெயில் பண்ட்டியா?" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

தியோடர் எழுந்து கரும்பலகையோரம் ஒதுங்கினார். படித்த பிடி ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. கைதான் பழக்கதோஷத்தில் தன் வேலையைப் பார்த்தது. கரும்பலகைக்கு அடியில் உதிர்ந்து கிடந்த சாக்பீஸ் தூளை ஒரு சிட்டிகை எடுத்து ரங்காவின் தோளில் தூவியது. அவன் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. ஐயோ, என்ன காரியம் செய்தோம் என்று பிறகுதான் அவருக்கு உறைத்தது.

ரங்கா மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டான். பிறகு அவனும் குனிந்து தூளைக் கிள்ளி அவர் தோளில் தூவினான்.

"சார், நீங்க எந்த கரடி மனை?"

"அல்சூர்."

"நான் பேட்ட பக்கம். இனிமே உங்க மேல எப்படி சார் கை வெக்கிறது?" என்று தலையைச் சொறிந்தான். பெஞ்சில் உட்கார்ந்து, தம்பிக்கு எந்தக் கணக்கு வரவில்லை என்று விசாரித்தான்.

வீட்டுக்கு வந்த தியோடருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அப்பாடா, மார்க்கும் மாறவில்லை, எலும்பும் முறியவில்லை!

"எந்தப் புடி போட்டீங்க?" என்றாள் நோரா.

"புடியா? கும்பிடுதான் போட்டேன்!"

நோரா விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் கோட்டுத் தோளில் வெள்ளையாக இருந்ததைத் தட்டிவிடக் கை எடுத்தாள்.

"தட்டாத நோரா. இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டும்."